பக்கத்து வீட்டுச் சுவரில் எங்கள் மழை

மயிலாப்பூர் வீட்டு மாடிக்கு நாங்கள் ஷீட் கூரை போட்டதிலிருந்து, மழைத்தண்ணீர் முழுவதும் பக்கத்து வீட்டு வசந்தா மாமியின் வாசல் சந்தில்தான் கொட்டியது. போன வாரம் மாமி அதில் வழுக்கி விழுந்து, கையில் கட்டுப் போட்டிருக்கிறார். அதோடு எங்களோடு பேச்சையும் நிறுத்திவிட்டார்.

இன்று காலை, தண்ணீரைப் பிடித்து வடிக்கும் பிவிசி கட்டர் மாட்ட ஆளை வரவழைத்தேன்.

அவர் மேலே ஏறிப் பார்த்தார். "இன்னா சார், ஷீட்டு ஓரத்துல ஒரு பலகைகூட இல்லியே? கட்டரை எதுல மாட்றது? வெறும் ஷீட்டு வெயிட் தாங்காது."

"வேற வழி?"

"எதிர் செவுரு கைக்கு எட்ற தூரத்துல கீது. கட்டரைத் தாங்கற கிளாம்பை அதுல அடிச்சிடலாம்."

அது மாமியின் சுவர்.

தயங்கித் தயங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். மன்னிப்புக் கேட்டு, விஷயத்தைச் சொன்னேன்.

"உங்காத்து ஜலத்தைத் தாங்க எங்காத்துச் சுவரா?" என்றார் மாமி.

கூரையின் வெறும் ஓரத்தைக் கையால் காட்டினேன்.

மாமி வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். "சரி, அடிச்சுக்கோங்கோ. ஆனா பைப்பை எங்காத்துக் கிணத்துல விடச் சொல்லுங்கோ. இத்தனை நாளா வீணாப் போயிண்டிருந்தது."

மதியத்துக்குள் வேலை முடிந்தது. சாயங்காலம் மழை பிடித்தபோது, அவரவர் ஜன்னலில் நின்று கிணற்றில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டோம். மாமி என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

கட்டரில் வேப்பிலை அடைத்தால் ஏணி ஏறுவது யார் என்பதை மட்டும் இருவருமே இன்னும் பேசவில்லை. உங்கள் தெருவில் யார் ஏறுவார்கள்?