விழுது இறங்கும் நேரம்

பேன் பார்க்கிறவரைப் போல வேர்க்கடலைச் செடியை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அடியில் துழாவுகிறார் ஜெயக்கொடி. விரலில் மாட்டியது ஷாம்பு பாக்கெட். உதறி, பக்கத்தில் இருக்கும் பழைய பெயிண்ட் வாளியில் போடுகிறார். அடுத்த செடியில் பால் கவர். அதற்கடுத்ததில் ஊசி மருந்துக் குப்பி. "இன்னிக்கி ஆஸ்பத்திரி ஐட்டம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார்.

காலில் கறுப்பு ஷூ. மகன் தினகரன் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போனது. லேஸ் இல்லை, சணல் கயிறு. "கண்ணாடி, டீச்சர். ரெண்டு வாட்டி கால கிழிச்சிடுச்சி. கழனிக்கு வர ஷூ மாட்டுறவ இந்த ஊர்ல நான் ஒருத்திதான்" என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது.

படப்பையிலிருந்து உள்ளே பிரியும் சாலையில் இருக்கிறது அவருடைய ஒரு ஏக்கர். அதை ஒட்டிய லேஅவுட்டில் நானும் என் கணவர் எட்மண்டும் ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கிறோம். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து அவ்வப்போது வந்து எல்லைக்கல் இருக்கிறதா என்று பார்ப்பதோடு எங்கள் விவசாயம் முடிந்தது. ஜெயக்கொடியுடன் பழக்கம் ஏற்பட்டது அப்படித்தான்.

அந்த லேஅவுட் போட்ட வருஷம் பள்ளத்தை மேடாக்க மண் தேடினார்கள். ஜெயக்கொடி மகளின் பிரசவத்துக்காக சிங்கப்பெருமாள் கோவில் போயிருந்த நேரம். கணவர் சுப்பராயலு, நிலத்தின் மேல்மண்ணை முழங்கால் ஆழத்துக்கு அவர்களுக்கு விலைபேசி வெட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார். பேத்தியைக் குளிப்பாட்டிப் போட்டுவிட்டு இவர் திரும்பி வந்தபோது நிலம் சரளையாகப் பல்லிளித்துக்கொண்டிருந்தது. ஒட்டியிருந்த கொஞ்ச மண்ணையும் அடுத்தடுத்த மழைகள் அரித்துக்கொண்டு போயின.

எங்கள் மனையில் இப்போது பார்த்தீனியம் இடுப்புயரம் நிற்கிறது. அதை வெட்ட ஆள் கிடைக்குமா என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்தார். "எங்க மண்ணு டீச்சர். இன்னா போட்டாலும் வரும்" என்றார். அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும்.

சும்மா உட்கார்ந்துவிடவில்லை அவர். சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டார். தழையுரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, பூத்ததும் மடக்கி உழுதார். ஆட்டுக்காரர்களிடம் கெஞ்சி, புழுக்கை விழட்டும் என்று இரவில் கிடை போட வைத்தார். மண் நிறம் மாறியதே தவிர ஆழம் வரவில்லை. ஏரி வண்டல் அடித்தால் செத்த நிலமும் எழுந்துகொள்ளும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஏரியைத் தூர்வாரியபோது அலையாய் அலைந்து, லாரி லாரியாக வண்டலைக் கொண்டுவந்து கொட்டினார். கறுகறுவென்று அல்வா மாதிரி வந்து இறங்கியதாம். அது இப்போது புறநகரின் சாக்கடையும் குப்பையும் போய்ச் சேரும் ஏரி என்பது இவர் மூளையில் ஏறவில்லை. முதல் மழைதான் ஏற்றியது. மண் கரைந்து அடங்க, கவர்களெல்லாம் வரிசை கட்டி முளைத்துவிட்டன.

அதற்குப் பிறகு சுப்பராயலு வரப்புக்கு வந்தால் ஒரே வசனம்தான். "நான் மண்ண வித்தேன். நீ குப்பைய வாங்கியாந்த. ரெண்டும் ஒண்ணுதான் போ."

ஜெயக்கொடி வாளியை அவர் காலடியில் கவிழ்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்.

ஊரே மழைக்கு ஏங்கும்போது இவர் முகம் மட்டும் இருண்டுவிடும். ஒவ்வொரு மழையும் புதிதாக ஒரு சாகுபடியை மேலே கொண்டுவந்து போடுகிறது. பொறுக்கி முடித்த இடத்தையே மறுபடி பொறுக்க வேண்டும்.

ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகும் தினகரன் கெட்டவன் இல்லை. அம்மா குனிந்தே கிடப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை அவனுக்கு. ஆடியில் கடலை விதைத்தபோதே சொல்லிவிட்டான். "இந்த ஒரு போகம் பாரும்மா. காய் புடிச்சா வுட்டுர்றேன். இல்லாங்காட்டி இதையும் மனை போட்டுர்லாம்." இவரும் சரி என்று தலையாட்டிவிட்டார்.

அதனால்தான் இந்தத் துழாவல். வேர்க்கடலைப் பூ வாடியதும் அதிலிருந்து நூல் மாதிரி ஒரு விழுது கீழே இறங்கும். மண்ணுக்குள் புகுந்தால்தான் நுனியில் காய். கவர் மேல் பட்டால் அப்படியே காய்ந்துபோகும். "அதுக்கு இன்னா தெரியும், பாவம்? மண்ணுன்னு நெனச்சிகினு எறங்குது" என்று காய்ந்த விழுது ஒன்றை நிமிண்டிக் காட்டினார். அந்த ஒரு செடியிலேயே அப்படி நிறைய இருந்தன.

புரட்டாசியில் நான் கடைசியாகப் போனது, இரவெல்லாம் மழை கொட்டி ஓய்ந்த ஒரு காலை. கீழண்டை மூலை முழுக்கக் கவர்கள் மேலே வந்து வெளிறிக் கிடந்தது. "அந்த மூலை போச்சு டீச்சர். தினகரன் கிட்ட சொல்லல" என்றார். சுப்பராயலு வழக்கம்போல வரப்பில் நின்றிருந்தார். ஒரு செடிக்கடியில் எண்ணெய்ப் பாக்கெட்டின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. ஜெயக்கொடி பிடித்து இழுத்தார். கனத்தது. கூடவே செடியும் அசைந்தது.

இழுப்பதை நிறுத்திவிட்டு, விரலால் சுற்றியிருந்த மண்ணை விலக்கினார். கிழிந்த பாக்கெட்டின் வாய் வழியாக விழுது உள்ளே இறங்கியிருந்தது. உள்ளே அடைத்திருந்த சேற்றுக்குள், சுண்டுவிரல் நகம் அளவுக்கு, வெள்ளையாக ஒரு பிஞ்சு.

"இன்னா அது?" என்று வரப்பிலிருந்து கேட்டார் சுப்பராயலு.

"ஒண்ணுமில்ல" என்றார் ஜெயக்கொடி. வாளியை எட்டத் தள்ளினார். பாக்கெட்டை இருந்த இடத்திலேயே படுக்க வைத்து, இரண்டு கைகளாலும் மண்ணைக் கூட்டி மூடி, மேலே மெல்லத் தட்டிக்கொடுத்தார்.