சம்பத்தோட கைப்பேச்சு

அம்பத்தூர் எஸ்டேட்ல பிரஸ் ஷாப்னு ஒண்ணு கீது. தகரத்தை அடிச்சு வளைக்கிற எடம். அங்க வாயால பேசுறது வேஸ்டு. மிஷின் சத்தத்துல காதாண்ட கத்தினாலும் கேக்காது. அதனால எல்லாம் கைதான். காலரைத் தொட்டா சூப்பர்வைசர் வர்றான். ரெண்டு கையையும் குறுக்கப் போட்டா நிறுத்து. தலைக்கு மேல வெரலை வட்டமா சுத்தினா, நிறுத்தாத, ஓட்டு. வாயாண்ட வெரலைக் குவிச்சா சோறு.

சம்பத் அங்க வேலைக்குச் சேர்ந்ததுலருந்து அப்பிடித்தான் பேசினாரு. போகப் போக, கை ஆடாம அவருக்கு யோசனையே வராதுன்னு ஆயிடுச்சு. நான் யூனியன் வேலை பாத்தப்போ கேட் மீட்டிங்ல மைக்கைக் கையில குடுத்தா பாதிப் பேச்சுதான் வரும். ஸ்டாண்டுல மாட்டினா வெளுத்து வாங்குவாரு.

போன மாசம் மேனாம்பேட்டுல அவரு ஊட்டுக்கு, மக மோகனப்பிரியாவைப் பொண்ணு பாக்க கரையான்சாவடிலருந்து வந்தாங்க. என்னையும் கூப்ட்டாரு. மோகனப்பிரியா ஆஸ்பத்திரி லேப்ல வேலை பாக்குது. கல்யாணம் ஆனாலும் வேலைய உடமாட்டேன், அதை நைனாதான் சொல்லணும்னு சொல்லிடுச்சு. சம்பத்தும் தலையாட்டிட்டாரு.

ஆனா இதுக்கு முன்ன பொண்ணு பாக்க வந்த வேற ஊட்டுக்காரங்க இவரு கையைப் பாத்துட்டு, மனுஷனுக்கு மூளை கொழம்பிப் போச்சான்னு வெளிய விசாரிச்சிட்டுப் போயிட்டாங்க. அதனால சம்சாரம் ஜெகதாம்பாள் இந்த வாட்டி கண்டிஷனா சொல்லிடுச்சு, கை ஆடக்கூடாதுன்னு. மனுஷன் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சிகினு உக்காந்தாரு.

காபி குடிச்சாங்க. மாப்பிள்ளையோட அம்மா சொன்னாங்க: "கல்யாணத்துக்கு அப்பால வேலைக்கெல்லாம் எதுக்கு? எங்க ஊட்ல அந்தப் பழக்கம் இல்ல. இன்னா சம்பந்தி?"

சம்பத் வாயைத் தொறந்தாரு. ஒண்ணும் வரல. அவரு சும்மா இருந்ததை சம்மதம்னு எடுத்துகினு அந்தம்மா தட்டை மாத்தலாம்னு கெளம்பிட்டாங்க.

மோகனப்பிரியா பக்கத்துல வந்து நின்னுச்சு. "நைனா, கையை எடு."

எடுத்தாரு. தலைக்கு மேல வெரல் சுத்துச்சு. கூடவே கொரலும் வந்துச்சு. பிரஸ் ஷாப் கொரலு, தெருமொனை வரைக்கும் கேட்டிருக்கும்.

"எம்பொண்ணு வேலைய உடாது. ஓடுற மிஷினை நிறுத்தாதீங்க."

ஊட்டுக்குப் போயி தகவல் சொல்றோம்னு எழுந்துட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் தகவல் இல்ல. வராது, எனக்குத் தெரியும். பொண்ணு மட்டும் டெய்லி லேபுக்குப் போயிகினு கீது.

ஜெகதாம்பாள் கோவத்துல சம்பத்தாண்ட பேச்சையே நிறுத்திடுச்சு. நேத்து நான் போயிருந்தப்போ சமையக்கட்டுலருந்து எட்டிப் பாத்துச்சு. மூஞ்சி உம்முனு கீது. வாயாண்ட வெரலைக் குவிச்சுக் காட்டிட்டு உள்ள பூடுச்சு.

சம்பத் எழுந்து சாப்பிடப் போனாரு.