ஸ்டான்லி பார்க்காமல் போன பேஸ் கிட்டார்

ஸ்டான்லி இறந்துவிட்டார்.

காலையில் அவர் மனைவி மேரி போன் செய்து சொன்னார். மாரடைப்பு. பீளமேட்டு வீட்டில், சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது...

நேற்று மாலைகூடப் பேசினார். இன்று சர்ச் முடிந்ததும் என் வீட்டுக்கு வருவதாக இருந்தார். அவருக்காக எடுத்துப் போட்ட நாற்காலி இன்னும் ஹாலில்தான் இருக்கிறது.

எங்கள் பத்திரிகையில் பக்கம் வடிவமைத்தவர். லீவு நாட்களில் மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிட்டார் வாசிப்பார். நான்கு தடித்த கம்பிகள், அடிவயிற்றில் கேட்கும் சத்தம்... அதுதான் பேஸ்.

கொங்குப் பக்கம் யாரிடம் பழைய பேஸ் இருந்தாலும் போட்டோ ஸ்டான்லிக்கு வந்துவிடும். எந்தக் காலத்தது, எது அசல், எதைப் பின்னால் மாற்றினார்கள், அபூர்வ ரகமா இல்லையா என்று பார்த்துச் சொல்வார்.

ஒருமுறை ஒரு நண்பர் சிவப்பு பேஸ் ஒன்றை ஆபீசுக்கே தூக்கிவந்தார். கம்பெனி அந்த நிறத்தில் கொஞ்சம்தான் செய்தது என்று அவருக்கு ஒரே பெருமை.

ஸ்டான்லி விரலால் தடவிக்கொண்டே போனார். தலைப்பகுதியில் ஓரிடத்தில் பெயின்ட் லேசாக மேடிட்டு உரிந்திருந்தது. "சொரண்டட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு நகத்தை வைத்தார்.

அடியில் காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம்.

"ஏனுங்க, கம்பெனிக்காரன் ஆயுத பூசை போட்டுப்போட்டுத்தான் பெயின்ட் அடிச்சானுங்களா?"

கொண்டுவந்தவரின் முகம் போன போக்கைப் பார்த்து அவரே தேற்றினார். "வெசனப்படாதீங்க. பேஸ் அசல்தானுங்க. செவப்புதான் நம்மூரு."

தப்பாகச் சொல்லிவிட்டால் அவரே போன் போட்டுத் திருத்துவார். ஈரோட்டுக்காரர் ஒருவர் மறந்தே போன விஷயத்துக்கு, "அன்னைக்கு நாஞ் சொன்னது தப்புங்க" என்று கூப்பிட்டதை நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு ரகத்தை மட்டும் அவர் கையில் எடுத்ததில்லை. அதில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் தனித்தனியாக இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கும். ஆரம்பத்தில் கொஞ்ச காலம்தான் அப்படி வந்தது. "படத்துல பாத்ததோட சரிங்ணா" என்பார்.

வியாழக்கிழமை பல்லடத்தில் தறி ஓட்டும் நண்பர் ஒருவர், தன் தம்பியின் பழைய பேஸை என் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். அடுக்குக் குமிழ்! போட்டோ அனுப்பினேன். உடனே போன்.

"ங்ணா, தொடைச்சுகிடைச்சுப் போடாதீங்க. கழுத்துல நாலு திருகு இருக்குது பாருங்க, அதைத் தொடவே வேண்டாம். நானே வந்து கழட்டறேன். உள்ள கம்பெனியோட தேதி முத்திரை இருக்கோணும்."

"அசல்தானா?"

"போட்டோவப் பாத்துச் சொன்னா அது சோசியமுங்ணா. ஞாயித்துக்கெழமை வாரேன்."

காலையில் மேரி அழுகைக்கு நடுவே சொன்னது... "உங்க ஊட்டுக்கு வாரதுக்குன்னு திருப்புளியைத் தொடச்சு, பைபிள் பக்கத்துலயே வெச்சிருக்காருங்ணா."

பல்லடத்துக்காரருக்குச் சொன்னேன். "அது அங்கயே இருக்கட்டுமுங்க. இப்ப யாரும் கழட்ட வேண்டாம்" என்றார்.

பேஸ் சுவரோரம் இருக்கிறது. துடைக்கவில்லை. நாலு திருகும் அப்படியேதான் இருக்கின்றன, ஸ்டான்லி.

போய் வாருங்கள்.