சின்னத்தாய் காதில் விழுந்த ‘கொள்ளாம்’

மீனைத் தண்ணீருக்கு வெளியே தூக்கினால், தூக்கினவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இது சின்னத்தாயின் சட்டம். கம்பெனி போட்டதும் இல்லை, போர்டில் எழுதினதும் இல்லை. கேரளத்து மறையூருக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் கிடக்கும் அந்த எஸ்டேட் ஏரியில் தூண்டில் போட வருகிறவர் டாக்டரானாலும் சரி, வக்கீலானாலும் சரி, மீனைக் கையில் ஏந்திப் போட்டோவுக்குப் பல்லைக் காட்டத் தொடங்கினால் போதும், பக்கத்தில் போய் நின்றுகொள்வாள்.

“மூச்சைப் புடிங்க சார். ஒங்களுக்கு எப்ப முட்டுதோ அப்ப அதுக்கும் முட்டுதுன்னு அர்த்தம். தண்ணியில வச்சிருங்க.”

முதல் போட்டோவுக்குச் சிரிப்பார்கள். இரண்டாவதுக்குக் கன்னம் உப்பிவிடும். மூன்றாவது எடுக்க இதுவரை யாருக்கும் தம் இருந்ததில்லை. திருச்சூர் நகைக்கடைக்காரர் ஒருவர் வீம்புக்கு நின்று பார்த்தார். முகமெல்லாம் பீட்ரூட்டாகச் சிவந்து, மீனோடு சேர்ந்து அவரும் ஏரிக்குள் விழுந்தார். மீன் பிழைத்துக்கொண்டது. அவரையும் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, சூடாக, பால் விடாத ஒரு கட்டன்சாயா போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

சின்னத்தாய்க்கு நாற்பத்தெட்டு வயது. தாத்தா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து தேயிலை நட வந்தவர். பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் இதே எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில்தான். இருபத்துநாலு வருஷம் கொழுந்து எடுத்தாள். முதுகில் சாக்கும் காலில் அட்டையுமாக மேடேறி மேடேறி, இடது முழங்கால் போதும் தாயே என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் கம்பெனி பழைய துரை பங்களாவை விருந்தினர் விடுதியாக்கியது. வெள்ளைக்காரன் காலத்தில் ஏரியில் விட்ட, உடம்பெல்லாம் புள்ளி போட்ட டிரவுட் மீன்கள் நிறையப் பெருகிக் கிடந்தன. விடுதியின் உதவி மேனேஜர் ஜின்சன் ஒருநாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் நேரத்தில் வந்து நின்று, “மீன் பிடிக்கத் தெரிஞ்சவங்க யாரு?” என்று கேட்டான். ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். கம்பெனி ஏரியில் மீன் பிடிப்பது திருட்டாயிற்றே! அங்கே நின்றவர்களில் அந்தத் திருட்டைச் செய்யாதவர் ஒருவர்கூடக் கிடையாது. சின்னத்தாயின் புருஷன் சுடலை, டீ பாக்டரி ஆள், வாயைக் கட்டத் தெரியாத மனுஷன். “எம் பொண்டாட்டிக்கு நல்லாத் தெரியும் சார்!” என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு ராத்திரி வீட்டில் அவருக்குக் கிடைத்த பூசை லயம் முழுக்கக் கேட்டது. ஆனால் மறுவாரமே ஏரி வேலை சின்னத்தாய்க்குக் கிடைத்தது. அன்றிலிருந்து அவள் முழங்காலுக்கு மேடு இல்லை.

வேலைக்கு ஒரே ஒரு நிபந்தனை. பிடித்த மீனை விட்டுவிட வேண்டும், ஒன்றைக்கூடக் கொல்லக்கூடாது. கொல்ல விட்ட பணியாளருக்கு ஏரி வேலை போய்விடும், திரும்பக் கொழுந்துக்காட்டுக்குத்தான். மூன்று பாஷையில் போர்டு நட்டிருந்தார்கள்.

முதலில் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “கறியை அள்ளி வாய்க்கிட்ட கொண்டு போயிட்டு, மறுபடி சட்டியில போட்டுட்டுப் போறாக பாத்துக்கோ. அதுக்குத் துட்டு வேற குடுக்காக!” என்று மகள் ஆர்த்தியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு, ஒரு மாசம் உதடு கிழிந்து போன மீன், மூன்றாம் மாசம் காயம் ஆறி, கொழுத்து, வேறொருவர் தூண்டிலில் வந்தது. “ஏலே, நீயா!” என்று கத்தியே விட்டாள். அதற்கப்புறம், கொக்கி கிழிக்காமல் கழல, அதன் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிக் கொடுத்தாள். கையை நனைக்காமல் மீனைத் தொடுகிறவர் புறங்கையில் ஒரு தட்டுத் தட்டினாள். மூச்சுச் சட்டம் வந்ததும் அப்போதுதான்.

ஆனால் காலை ஆறு மணிக்கு ஏரிக்கரை நாணலுக்குள் என்ன கிடக்கும் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். கொக்கியை ஆழமாக விழுங்கி, செவுள் கிழிந்து, ரத்தம் ஒழுக ஒழுக விடப்பட்ட மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். விட்டவர்கள் கைதட்டி வீடியோ எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். சின்னத்தாய் அவற்றைப் பொறுக்கித் தேயிலைத் தூரில் புதைப்பாள். 

“விட்டாச்சுன்னு இவுக சந்தோசமாப் போயிருதாக. செத்தாச்சுன்னு சொல்ல ஒரு ஆளு வேணும்லா?” என்பாள் சுடலையிடம்.

“சொல்லேன்” என்பார் அவர்.

“சொன்னா, மீனைக் கொல்லணும்னு சொல்லுதியான்னு கேப்பாக. வேலைக்கு வேட்டு.”

இப்படி மென்று முழுங்கிக்கொண்டிருந்தவளிடம்தான், ஐப்பசி மாசம் ஒரு காலையில், கோட்டயத்திலிருந்து ஜோஜோவும் அவன் மனைவி நிமியும் வந்து சேர்ந்தார்கள்.

ஜோஜோ வாழ்க்கையில் தூண்டிலே பிடித்ததில்லை. வாயெல்லாம் சிரிப்பு. மலையாளிகள் எதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாலும் ‘கொள்ளாம்’ என்பார்கள், பலே, நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். ஜோஜோ பனியைப் பார்த்து ஒரு கொள்ளாம், சாயாவுக்கு ஒரு கொள்ளாம், சின்னத்தாயின் தொப்பிக்கு ஒரு கொள்ளாம் என்று வாரி இறைத்துக்கொண்டிருந்தான். ஒன்பது மணி வாக்கில் கம்பு வில்லாக வளைந்தது. முழங்கை நீள மீன்! அந்த வருஷம் அவ்வளவு பெரியதை யாரும் பிடிக்கவில்லை. பங்களாவிலிருந்து ஜின்சன்கூட ஓடி வந்துவிட்டான். நிமி போனைத் தூக்கினாள்.

சின்னத்தாய் கைவலையில் மீனை ஏந்தினாள். வலைக்குள் தண்ணீர் சிவந்தது. கொக்கி தொண்டைக்குள் போய் வலது செவுளைக் கிழித்திருந்தது. செவுள் திறந்து மூடும்போதெல்லாம் ரத்தம் குபுக் குபுக்கென்று வந்தது. இது பிழைக்காது. நாளைக் காலை நாணலுக்குள்தான்.

“கொள்ளாம்! சேச்சி, கொள்ளாம்!” என்று குதித்தான் ஜோஜோ.

சாயா அடுப்புக்கு வைத்திருந்த யூகலிப்டஸ் விறகு பக்கத்திலேயே கிடந்தது. சின்னத்தாய் யோசித்தாள் என்று சொல்ல முடியாது. மீனைப் புல்லில் கிடத்தினாள். கட்டையை எடுத்தாள். தலையில் ஒரே போடு. மீன் அடங்கிவிட்டது.

நிமி வீலென்று கத்தினாள். ஜோஜோவின் வாய் திறந்தபடியே நின்றது.

“சேச்சி! எந்தா ஈ காணிச்சது?” என்ன காரியம் செய்துவிட்டீர்கள் என்று அலறினான் ஜின்சன்.

போர்டு நேர் எதிரே நிற்கிறது. மூன்று பாஷையும் அவளையே முறைக்கின்றன. சின்னத்தாய்க்கு வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னாள்.

“சார்தானே கொல்லலாம், கொல்லலாம்னு சொன்னாரு?”

 ஜோஜோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். “ஐயோ, தெற்று என்றேயா!” தப்பு என்னுடையதுதான், பாவம் சேச்சிக்குப் புரியவில்லை, அவரை ஒன்றும் செய்யக்கூடாது என்று ஜின்சனிடம் சத்தியம் வாங்கினான். நிமி எடுத்த வீடியோ அன்று சாயங்காலத்துக்குள் மறையூரிலிருந்து மூணாறு வரைக்கும் எல்லார் போனிலும் ஓடியது.

ஜின்சன் மட்டும் சிரிக்கவில்லை. சின்னத்தாய் நாற்பது வயதுக்கு மேல் எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்து, மலையாளத்திலேயே பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதித் தேறினவள். அன்றைக்கு அவள் கொடுத்த லட்டை அவனும் தின்றிருக்கிறான். மீனைப் பையில் சுற்றி பங்களா ஃப்ரீசரில் வைத்தான், சாட்சிக்கு. “ஆபீசுக்கு ஒரு விளக்கம் எழுதித் தரணும் சேச்சி. மனசிலாயில்ல, வார்த்தை புரியாம செஞ்சுட்டேன்னு ஒரே வரி. அது மதி, அவ்வளவு போதும். வேலைக்கு ஒண்ணும் வராது” என்றான். அவன் நல்லவன்தான். தப்பிக்க வழியை அவனே திறந்துவிட்டான்.

வீட்டில்தான் பூகம்பம். ஆர்த்தி பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். என்ன பாடம்? மலையாளம்!

“எம்மா! ஒங்களுக்குக் கொள்ளாம் தெரியாதா? எங்கிட்ட உக்காந்து இலக்கணம் படிச்சீகளே! இன்னைக்கு ஒன்பதாங்கிளாசுப் பயலுவ என்னையப் பாத்து ‘டீச்சர், கொல்லலாமா’ன்னு கேக்கானுவ!”

சுடலைக்குச் சிரிப்புத் தாங்காமல் புரை ஏறியது. “விடும்மா. பொய்யி வேலையக் காப்பாத்திருச்சுல்ல. ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுப் போவட்டும்.”

சின்னத்தாய் காகிதத்தை எடுத்து வைத்தாள். ஒரு வரிதான். எழுத வரவில்லை. முழங்காலைத் தடவிப் பார்த்தாள். கொழுந்துக்காட்டு மேட்டை நினைத்ததும் அது வலிக்கவே தொடங்கிவிட்டது.

“ஏங்க,” என்றாள் சுடலையிடம், “காதுல தப்பா விழுந்துச்சுன்னு ஒரு தடவைதான சொல்ல முடியும்? அடுத்த மீனு செவுள் கிழிஞ்சு வந்தா என்ன சொல்ல? திரும்பத் தண்ணிக்குள்ளதான விடச் சொல்லுவாக?”

சுடலை சிரிப்பை நிறுத்திவிட்டார். “கொழுந்துக்கு அனுப்பிருவாகளே, தாயி.”

“அனுப்பட்டும். அஞ்சு வருசமா அதுகளப் பொதைச்சுக்கிட்டுக் கெடக்கேன். இனிமே என்னால முடியாது.”

மறுநாள் காலை ஜின்சன் கையில் கொடுத்த காகிதத்தில் ஒரு வரி இல்லை, ஒரு பக்கம் இருந்தது. முழுக்க மலையாளம், குண்டு குண்டான எழுத்து. தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘கொள்ளாம் என்ற சொல்லின் அர்த்தம் எனக்குத் தெரியும். மீனின் செவுள் கிழிந்திருந்தது. விட்டால் செத்துப்போகும் என்று தெரிந்தே அடித்தேன். பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அடித்ததற்குக் கேட்கவில்லை. இனி இப்படி ஒரு மீன் வந்தாலும் அதையேதான் செய்வேன். நல்ல மீனை விடுவது சரி. சாகப் போகிறதை விட்டுவிட்டுக் கைதட்டுவது சரியில்லை. அந்த மீன் உங்கள் ஃப்ரீசரில் கிடக்கிறது. கொன்றதைத் தின்னாமல் வைத்திருப்பதும் பாவம்.’

படித்துவிட்டுத் தலையில் கைவைத்தான் ஜின்சன். “சேச்சி, இது ஆபீசுக்குப் போனா என்னாலயும் காப்பாத்த முடியாது.”

“ஆறு மணிக்கு ஒரு நா ஏரிக்கு வாங்க சாரே. அதுக்கப்புறம் எங்க வேணா அனுப்புங்க.”

வந்தான். முந்தின நாள் விடுதி நிறைய ஆட்கள், எல்லார் தூண்டிலுக்கும் அவளால் ஓட முடியவில்லை. நாணலை விலக்கிக் காட்டினாள். நான்கு மீன்கள், நான்கு வெள்ளை வயிறுகள். நேற்று அதில் ஒன்றை விட்டபோது கைதட்டினவர்களில் ஜின்சனும் ஒருவன்.  செருப்பைக் கழற்றிவிட்டு, பேண்டை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி, தானே அவற்றை எடுத்துக் கரையில் வைத்தான்.

இருந்தாலும் சட்டம் சட்டம்தானே. அவள் காகிதத்தோடு தன் கடிதத்தையும் சேர்த்துத் தலைமை ஆபீசுக்கு அனுப்பினான். பதில் வரும்வரை சின்னத்தாய் கொழுந்துக்குப் போனாள். பெண்கள் விடுவார்களா? “ஏ சின்னத்தாயி, இந்தக் கொழுந்து கொள்ளாமா?” என்று ஒருத்தி கேட்டால் ஏழு பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சாயங்காலம் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கும்போது மட்டும் கொஞ்சம் அழுதாள். தைல நெடி என்று சுடலையிடம் சொன்னாள். அவரும் நம்பின மாதிரி இருந்துகொண்டார்.

பதினெட்டாம் நாள் பதில் வந்தது. போர்டில் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருந்தார்கள்: செவுளில் ரத்தம் வரும் மீனை விட வேண்டாம், பணியாளரிடம் கொடுக்கவும், அவர் முடிவே முடிவு. பணியாளர் சின்னத்தாய் மறுநாளே ஏரிக்குத் திரும்ப வேண்டும். பொய் சொன்னதற்காக ஓர் எச்சரிக்கையும் இருந்தது. அதை அவள் இரண்டு தடவை படித்து, “இது நியாயம்” என்று மடித்து வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ஜின்சன் லயத்துக்கே வந்துவிட்டான். கையில் கல்லாக உறைந்த மீன். இன்னொரு பையில், மலையாளிகள் மீன்கறிக்குப் போடும் குடம்புளி.

“குடம்புளி எதுக்கு சாரே? எங்க வீட்டுல குழம்புன்னா நம்ம புளிதான்” என்று அதை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

குழம்பு கொதித்து இறங்கியது. பக்கத்து வீட்டுப் பெண்களும் கிண்ணத்தோடு வாசலில் நின்றார்கள். ஜின்சன் ஒரு துண்டை எடுத்துச் சோற்றோடு பிசைந்து வாயில் வைத்தான். எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

“கொள்ளாம்!” என்று அவனையறியாமல் வந்துவிட்டது.

ஆர்த்தி தலையில் அடித்துக்கொண்டாள். சின்னத்தாய் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அடுப்போரம் கிடந்த விறகுக் கட்டையை எட்டிப் பிடித்தாள்.

“எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன் சாரே. யாரை?”