டெக்சஸில் சித்தி போட்ட வோட்டு

டிக்… டிக்… டிக்…

சித்தி காரில் அணைக்க மறந்த இண்டிகேட்டர் சத்தம் அது. நியூசிலாந்தில், பிளாட் புஷ்ஷில் எங்கள் குசினியில், கெட்டிலோடு சாய்த்து வைத்திருந்த டேப்லெட்டின் வீடியோ கோலிலிருந்து விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. கூடவே டோஸ்ட் கருகிய மணம்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எங்களுக்குப் புதன்கிழமை காலை. சீருடை போட்டுப் பையைத் தோளில் மாட்டியபடி நிற்கிறேன். சித்திக்கோ இன்னும் செவ்வாய் மத்தியானம். டெக்சஸில் ஒரு சின்ன ஊரில், வாக்குச்சாவடிக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு இறங்காமல் இருந்தார்.

அன்று அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல். அம்மாவின் தங்கையான சித்தி, அங்கே சிட்டிசன் ஆகி முதல் தடவையாக வோட்டுப் போட வந்திருந்தார்.

"அக்கா, இவர் காலமை திரும்பவும் சொல்லிப்போட்டுத்தான் கடைக்குப் போனவர். எங்கட வீட்டில ரெண்டு வோட்டும் ஒரு பக்கம்தானாம்."

'இவர்' என்றால் சித்தப்பா. அந்த ஊரில் கேஸ் ஸ்டேஷன், அதாவது பெட்ரோல் கடை, நடத்துகிறார். ஊர் முழுக்கப் பழைமைவாதக் கட்சிதான். வெள்ளம் வந்தபோது அவருடைய கடை வாசலில் மண்மூட்டை அடுக்கியவர்களும் அந்த ஊர்ச் சனம்தான். அவர்களோடு நிற்பதுதான் நன்றி என்பார் சித்தப்பா. சித்தி ஆஸ்பத்திரி நேர்ஸ். கொரோனா வந்த அந்த வருடம் முழுக்க வார்டிலேயே நின்றவர். அவருக்கென்று வேறொரு யோசனை இருந்தது போலத்தான் பட்டது… ஆனால் வாய் திறந்து சொல்லவில்லை.

"அவருக்கு ஓமெண்டு சொல்லிப்போட்டு உள்ள போ" என்றார் அம்மா, டோஸ்டின் கருகலைச் சுரண்டியபடி. "ஒரு வோட்டுக்காக வீட்டில ஏனடி சண்டை. டெக்சஸ் எந்தப் பக்கம் போகுமெண்டு ஊருக்கே தெரியும்."

"இந்த முறை கிட்டக்கிட்ட வருமெண்டு சொல்லினம், அக்கா."

அம்மா சித்தப்பாவின் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று எனக்குக் கோபம். இடையில் புகுந்தேன்.

"ஜஸ்ட் டோன்ட் டெல் ஹிம், சித்தி."

"பொய் சொல்லச் சொல்லுறாள் உன்ர மகள்."

"பொய் இல்லை, சீக்ரெட்."

அது எனக்குப் புதிதாகத் தெரியவந்த விஷயம். இரண்டு கிழமைக்கு முன்தான் இங்கே நியூசிலாந்துத் தேர்தல் நடந்தது. அம்மா அப்பாவோடு நானும் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போயிருந்தேன். அட்டைத் தடுப்புக்கு மேலால் அப்பா எட்டி, எங்கே டிக் போடுவது என்று அம்மாவுக்குக் காட்டப் பார்த்தார். அங்கே வேலை செய்த பெண்மணி சிரித்துக்கொண்டே அவரை அவருடைய தடுப்புக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த விதி எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. புருஷன் பெண்சாதி ஆனாலும் ஆளுக்கொரு தடுப்பு.

சித்தி இண்டிகேட்டரை அணைத்தார். உள்ளே போனில் கதைக்கக் கூடாதாம்.

"வந்து எடுக்கிறன்."

பஸ் போய்விடும் என்று அம்மா கத்தினார். நான் அசையவில்லை. அந்தக் காத்திருப்பு இப்போதும் நினைவிருக்கிறது… ஆறிப்போன டோஸ்ட், கறுப்புத் திரை, அதில் என் முகம்.

சித்தி திரும்ப வந்தபோது சட்டையில் வோட்டுப் போட்டவர்களுக்குக் கொடுக்கும் ஸ்டிக்கர்.

"ஆருக்கடி போட்டனீ?" என்றார் அம்மா.

மாஸ்க்கை இறக்கிவிட்டுச் சித்தி சிரித்தார். வாய் திறக்காத சிரிப்பு. ஒரு பக்க உதடு மட்டும் கொஞ்சம் மேலே ஏறியது.

"அது எனக்கும் மெஷினுக்கும் இடையில."

"எனக்குமா சொல்லமாட்டாய்?"

"உனக்குச் சொன்னா அத்தானுக்குத் தெரியும். அத்தானுக்குத் தெரிஞ்சா டெக்சஸுக்கே தெரியும்."

அத்தான் என்றால் என் அப்பா. அதில் மிகையில்லை.

அன்று பின்னேரம், மங்கரே விமான நிலையத்தில் கார்கோ வேலை முடித்து வந்து அப்பா டிவிக்கு முன்னால் அமர்ந்தார். திரையில் காட்டிய வரைபடத்தில் முதலில் டெக்சஸ் நீலமாக இருந்தது. நகரங்களின் வோட்டுகள் முதலில் எண்ணப்பட்டிருக்க வேண்டும். நேரம் போகப் போகச் சிவப்பு ஏறியது. சாப்பாட்டு நேரத்தில் முழுக்கச் சிவப்பு. அப்பா உடனே சித்தப்பாவுக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, மனசை விடாதைங்கோ. அடுத்த முறை பார்ப்பம்."

"என்ன அண்ணை விசர்க்கதை? நாங்கள் எல்லோ வெண்டிருக்கிறம்."

"டிவியில ஒரே சிவப்பாக் கிடக்கு…"

"அந்தச் சிவப்புத்தான் அண்ணை நாங்கள்."

நியூசிலாந்தில் சித்தப்பாவின் பக்கம் போன்ற பழைமைவாதக் கட்சிக்கு நிறம் நீலம். அமெரிக்காவில் தலைகீழ். அப்பாவுக்கு அது தெரியாது. அம்மா தண்ணீர் குடித்த குவளையோடு குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தார்.

"என்ர வீட்டிலயிருந்தே ரெண்டு வோட்டு அண்ணை" என்றார் சித்தப்பா, பெருமையாக. பின்னால் சித்தி தேத்தண்ணி கலக்கும் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்த நாள் பள்ளிக்கூட நூலகக் கம்ப்யூட்டரில் சித்தியின் கவுண்டி, அதாவது அவர்களுடைய மாவட்டத்தின், முடிவைத் தேடிப் பிடித்தேன். ஒரு பக்கம் பெரிய எண். மறுபக்கம் சின்னஞ்சிறு எண். அந்தச் சின்ன எண்ணையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்தேன். டெக்சஸ் துளியும் அசையவில்லை. ஆனால் அந்த ஒன்று சித்தியுடையதா என்று அறிய, அந்த வயதில் நான் எதையும் கொடுத்திருப்பேன்.

சித்தி இன்றுவரை சொல்லவில்லை. அந்த டேப்லெட்டும் உடைந்து எங்கோ போய்விட்டது. எனக்கு இப்போது பதினேழு. இங்கே பதினேழிலேயே பதியலாம் என்பதால் வாக்காளராகப் பெயர் பதிந்துவிட்டேன். பதினெட்டானதும் நானும் போடலாம்.

போன கிழமை சாப்பாட்டு மேசையில் அப்பா மிகுந்த உற்சாகத்தில் இருந்தார்.

"இனி எங்கட வீட்டில மூண்டு வோட்டு. மூண்டும் ஒரு பக்கம். என்ன பிள்ளை?"

"ஓம், அப்பா" என்றேன்.

சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தேன். பருப்பைப் பரிமாறிக்கொண்டே அம்மா சிரித்தார். வாய் திறக்காத சிரிப்பு. ஒரு பக்க உதடு மட்டும் கொஞ்சம் மேலே…

அந்த வருடம் முழுக்க நான் டெக்சஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், எங்கள் குசினியை அல்ல.