கால் கேட்ட சேறு

பட்டாளத்தில் பாலைவன எல்லையில் இருந்த வருஷங்களில் பொழுது சாய்ந்ததும் பூட்ஸைக் கழற்றிக் காலை மணலில் புதைத்துக்கொள்வேன். பகலெல்லாம் வெந்த மணல் அந்த நேரத்தில் கொஞ்சம் ஆறியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு, இது குடவாசல் பக்கத்து எங்கள் வயல் சேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் மணலுக்குச் சேற்றின் குணம் வராது. காலைப் பிடித்து இழுக்காது, விரலிடுக்கில் ஏறி வழியாது. மற்றவர்கள் ஊரை நினைத்தால் அம்மாவையோ பெண்டாட்டியையோ நினைத்தார்கள். நான் சேற்றை நினைத்தேன். இதை ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன், என் மனைவி இன்றுவரை என்னைச் சும்மா விடுவதில்லை.

ஓய்வு பெற்று வரும்போது பென்ஷனோடு சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்து வந்தன. வருஷக்கணக்கில் சப்பாத்தியைத் தின்றுகொண்டு சோற்றுக்கு ஏங்கியவன், ஊர் நெல்லெல்லாம் கண்ணெதிரே காய, மறுபடி சப்பாத்திக்கே வந்து சேர்ந்தேன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். வயலில் இறங்க வேண்டும் என்ற ஆசையை மட்டும் அடக்க முடியவில்லை.

அப்பா இறந்த பிறகு எங்கள் வயலைக் குத்தகைக்கு எடுத்து உழுதவர் பக்கத்துத் தெருக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். சின்ன வயதிலிருந்தே அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். வந்த கையோடு போய் நிலத்தைக் கேட்டேன்.

"நெல்லு கேளுங்க தம்பி, குறையாம அளக்கறேன். நிலத்தை மட்டும் கேக்காதீங்க. நான் எங்க போவேன்?" என்றார்.

உழுகிறவனுக்கே நிலம் என்று மைக் கட்டிப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. டீக்கடை பெஞ்சில் இரண்டு கழகத்துக்காரர்களும் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து மற்ற எல்லாவற்றுக்கும் சண்டை போடுவார்கள். என் விஷயத்தில் மட்டும் ஒற்றுமை, எல்லாரும் அண்ணன் பக்கம். என் பக்கம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. பட்டாளத்திலிருந்து திரும்பியவன், தானே இறங்கிப் பயிர் செய்வதாக மனுக் கொடுத்தால் குத்தகை நிலத்தை மீட்கலாம் என்றார் வக்கீல். அண்ணனைப் பார்க்கக் கூச்சமாக இருந்தாலும் கொடுத்தேன்.

மனு நடந்துகொண்டிருந்தபோதுதான் நெஞ்சு வலி வந்தது. தானே பயிர் செய்வேன் என்று கையெழுத்துப் போட்டவனுக்கு இதயக் கோளாறு என்று தெரிந்தால் மனு அன்றோடு காலி. ஆகவே உள்ளூர் டாக்டர் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. திருச்சிக்குப் போய் பட்டாளத்துக்காரர்களைப் பார்க்கும் ஒரு டாக்டரிடம் காட்டினேன். ஊருக்கு, மிலிட்டரி கேன்டீனுக்குப் போகிறேன் என்று பெயர். பெயரைக் காப்பாற்ற ஒவ்வொரு தடவையும் ஒரு ரம் பாட்டிலோடு திரும்ப வேண்டியிருந்தது. குடிக்கிறவன் என்ற பட்டம் கிடைத்தது. என் மனைவிக்குக் கோபம்தான், ஆனாலும், "நோயாளின்னு சொல்றதுக்குக் குடிகாரன்னு சொல்லிட்டுப் போறாங்க" என்று விட்டுவிட்டாள்.

நான் பாட்டிலைத் தொடுவதில்லை. அதையெல்லாம் அண்ணனுக்கே கொடுத்தேன். கோர்ட்டில் எதிர் எதிரே நிற்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல அவரும் வாங்கிக்கொண்டார். வாங்கும்போது என் முகத்தை ஒரு மாதிரி பார்ப்பார்.

'ஊர் பார்க்க மண்வெட்டி பிடியுங்கள்' என்று வக்கீல் சொல்லியிருந்தார். வீட்டுக்கொல்லையில் வெட்ட ஆரம்பித்தேன். கொஞ்ச தூரம் போவதற்குள் மார்பில் பாறாங்கல்லை வைத்தாற்போல அழுத்தியது. அப்படியே உட்கார்ந்து, மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தால், வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டோடு அண்ணன் நிற்கிறார். மாட்டைக் கட்டிவிட்டு உள்ளே வந்தார், மண்வெட்டியை எடுத்து நான் விட்ட இடத்திலிருந்து கடைசிவரை வெட்டி முடித்தார், சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விட்டார். பார்த்துவிட்டாரே என்று எனக்குப் பயம். கூடவே, அவர் போனபிறகு அழுகையும் வந்தது.

விசாரணை நாளில் அதிகாரி என்னைக் கேட்டார், நீங்களே சேற்றில் இறங்கி வேலை செய்வீர்களா என்று. செய்வேன் என்றேன், பட்டாளத்துக் குரலில். பிறகு அண்ணனை அழைத்தார்கள். குத்தகை பாக்கியில்லை என்பதைச் சொன்னால் போதும் என்று அவருடைய வக்கீல் சொல்லிக்கொடுத்திருந்தார். அதைச் சொன்னார். சொல்லிவிட்டுக் கீழே இறங்காமல் நின்றார்.

"இன்னொண்ணுங்க. தம்பிக்கு நெஞ்சு வலி இருக்கு. நாக்குக்கு அடியில மாத்திரை வைக்கிறதை என் கண்ணால பார்த்தேன். நிலத்தை அவருக்கே எழுதிக் கொடுத்தாலும் கொடுங்க. சேத்துல மட்டும் எறங்க விட்டுடாதீங்க, ஆளு செத்துப் போயிருவாரு."

மனு தள்ளுபடி ஆனது. அவர் கழுத்தைப் பிடித்து நெரிக்கலாம்போல் இருந்தது. திரும்பி வந்த பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில்தான் உட்கார்ந்தோம், வேறு இடமில்லை. குடவாசல் வரும்வரை மனசுக்குள் ஒரே கேள்வி. நிலத்துக்காகச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா? வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கத்தினேன்.

"கெட்டிக்காரத்தனமும் இருக்கும், பாசமும் இருக்கும். ரெண்டும் ஒரே ஆளுகிட்ட இருக்கக் கூடாதாங்க?" என்று கேட்டுவிட்டு அவள் மாவு பிசையப் போய்விட்டாள்.

அதன்பிறகு வருஷங்கள் ஓடின. நெல் ஒழுங்காக வந்தது. காலையில் நடக்கச் சொன்னார் டாக்டர், தார் ரோட்டில் நடந்தேன். சர்க்கரைக்காரனுக்குக் காலில் புண் வரக் கூடாது, வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்காதீர்கள் என்றார். கூடத்தில் செருப்போடு நடக்கும் மனுஷன் எங்கள் தெருவிலேயே நான் ஒருவன்தான். ஆற்றில் தண்ணீர் திறந்து வாய்க்காலில் நுரை தள்ளிக்கொண்டு வரும் நாளில், ரோட்டோரம் நின்று எங்கள் வயலில் பரம்படித்துச் சேற்றைச் சமன் செய்வதைப் பார்ப்பேன். ஈரமண் வாசனை வரும்போது காலுக்குள் ஏதோ ஊறும். இரண்டு எட்டு வைத்தால் வயல். பாலைவனத்திலிருந்தபோதுகூட அது அவ்வளவு தூரத்தில் இருந்ததில்லை.

ஒரு வருஷம் நடவன்று அண்ணன் வரப்பிலிருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டார். அவருக்கும் முதுகு வளைந்துவிட்டிருந்தது.

"ஒரு தடவை எறங்குங்க தம்பி. நான் பிடிச்சுக்கறேன்."

"கோர்ட்ல என்ன சொன்னீங்கண்ணே?"

"வேலைக்கு எறங்க வேண்டாம்னுதான் சொன்னேன். சும்மா நிக்கிறதுக்கு யார் கேக்கப் போறா? தங்கச்சிகிட்டயும் சொல்லிட்டேன்."

அப்போதுதான் பார்த்தேன். தண்ணீர்க் குடமும் துண்டுமாக என் மனைவி வரப்பில் வந்து உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றினேன். மணலில் காலைப் புதைத்த நாளிலிருந்து காத்திருந்தது இதற்குத்தான். அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

கெண்டைக்காலில் ஏறும்போது சேறு சில்லென்று இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. மிதிக்கிறேன் என்பது கண்ணுக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. விரல்களை அசைத்துப் பார்த்தேன். இடுக்கில் சேறு வழிந்திருக்கும், வழியாமல் எங்கே போகும். சர்க்கரை எப்போதோ என் பாதத்தைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போயிருந்தது, நான்தான் ரோட்டில் செருப்போடு நடந்துகொண்டு கவனிக்காமல் இருந்துவிட்டேன்.

"எப்படி இருக்கு தம்பி?"

"சில்லுனு இருக்குண்ணே" என்றேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. நடவுப் பெண்கள் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். அண்ணனும் சந்தோஷப்பட்டார்.

வரப்பில் ஏறியதும் மனைவி காலைக் கழுவினாள். வலது பாதத்தடியில் ரத்தம். உடைந்த நத்தை ஓடு ஒன்று ஆழமாகக் குத்தி நின்றது. அதைப் பிடுங்கும்போது அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் முகம் சுளிக்கவில்லை.

"வலிக்கலையா?" என்றாள், அண்ணனுக்குக் கேட்காத குரலில்.

இல்லை என்று தலையசைத்தேன். அவள் துண்டால் பாதத்தை இறுக்கிக் கட்டினாள். அந்த நத்தை ஓட்டை வாய்க்காலில் எறியப் போனவளிடம் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். அதில் கொஞ்சம் சேறு ஒட்டியிருந்தது. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன். குளிர்ச்சியாகத்தான் இருந்தது.