கல்யாணத்துக்குத் தைத்த பச்சை

சிவப்பு நூல் வாங்கினால் இன்றும் அதை எச்சிலில் நனைத்து, வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பேன். மலாக்காவின் ஜாலான் பெண்டஹாரா தெருவில் கடைக்காரர் முகம் சுளிப்பார். “நல்ல நூலும்மா, சாயம் போவாது” என்பார். என் விரல் கேட்காது. பேரனின் பள்ளிச் சட்டைக்குப் பட்டன் தைக்க வெள்ளை நூல் வாங்கப் போன இடத்தில்கூட, சிவப்புக் கண்டு கண்ணில் பட்டதென்று எடுத்து நனைத்துப் பார்த்திருக்கிறேன். சாயம் இறங்கிவிடுமோ என்ற பயம் எனக்குப் பதின்மூன்று வயதில் பிடித்தது. அந்தப் பயத்தில் நான் செய்த ஒரு காரியத்தால் அம்மா எதை இழந்தாள் என்று இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவர். ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டார். வேலைக்கு ஆள் இல்லாத குடும்பத்துக்கு லயத்தில், தோட்டத்து வரிசைக் குடியிருப்பில், வீடு கிடையாது. காலி செய்யச் சொன்னார்கள். அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு மலாக்காவுக்கு வந்து, காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டின் பின்பாதியில் குடியேறினாள். நான் மூத்தவள். அடுத்தவள் தங்கை. கடைசித் தம்பி அப்போது அம்மாவின் வயிற்றில் ஆறு மாதம்.

அம்மா சிறுமியாகக் கன்னியாஸ்திரீகளின் விடுதியில் வளர்ந்தவள். அங்கே பூத்தையல் கற்றிருந்தாள். அதை நம்பித்தான் டவுனுக்கு வந்தாள். மிதிக்கிற மிஷின் ஒன்று, பழையது, எங்கிருந்தோ வாங்கினாள். நியோன்யாக்கள், அதாவது மலாக்காவின் பழைய சீனக் குடும்பத்துப் பெண்கள், சரோங் கைலிக்கு மேலே கெபாயா என்ற மெல்லிய சட்டை போடுவார்கள். அதன் முன்விளிம்பிலும் கைமுனையிலும் பூக்கொடி ஓடும். அம்மாவின் தொழில் அந்தப் பூக்கொடிதான். மூங்கில் வளையத்தில் துணியை இறுக்கி, ஊசிக்கு அடியில் வளையத்தை இரண்டு கையாலும் நகர்த்திக்கொண்டே போவாள். கால் ஒரு கணக்கில் மிதிக்கும், கை வேறு கணக்கில் போகும். பூ விழுந்த பிறகு சிறு கத்தரியால் இதழுக்கு நடுவே துணியை வெட்டி எடுக்க வேண்டும். ஒரு இழை தப்பினால் முழுச் சட்டையும் வீண். ஐந்தாம் வகுப்போடு என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தியது அந்தக் கத்தரி வேலைக்காகத்தான். நான் அழவில்லை. வாத்தியார் என்ன கேள்வி கேட்பாரோ என்று காலையில் பயந்துகொண்டே போகும் பிள்ளை நான். எனக்கு அது விடுதலையாகக்கூட இருந்தது.

தம்பிக்கு நடை வந்ததும் பெரிய தொல்லை ஆயிற்று. வாசலில் ஆழமான சாக்கடை, உள்ளே கரி போட்ட இஸ்திரிப் பெட்டி. அதனால் அம்மா துணியின் ஓரக்கிழிசல்களைப் பின்னிக் கயிறாக்கி, ஒரு முனையை அவன் இடுப்பிலும் மறுமுனையை மிஷின் காலிலும் கட்டியிருப்பாள். அவன் உலகம் நான்கு முழம். அந்த நான்கு முழத்துக்குள் உட்கார்ந்து, வெட்டிப் போட்ட துணிப் பொட்டுகளைப் பொறுக்கித் தலையில் வைத்துக்கொண்டு சிரிப்பான்.

அப்பாவின் அக்காள், எங்கள் அத்தை, செமாபோக்கில் இருந்தார். மாமா தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மாதம் ஒரு முறை பேச்சா என்ற சைக்கிள் ரிக்‌ஷா வண்டியில் வந்து இறங்குவார்கள். தம்பியைக் கட்டிப்போட்டிருப்பதைப் பார்த்ததும் அத்தைக்கு வாய் சும்மா இருக்காது.

“மிஷின் காலுல புள்ளையக் கட்டி வச்சிருக்கியே, அவனும் மிதிப்பான்னு பார்க்கிறியா?”

“மிதிச்சா நல்லதுதானே அண்ணி. என் காலுக்குக் கொஞ்சம் ஓய்வு.”

அத்தை சிரித்துவிடுவார். சிரித்துக்கொண்டே கட்டை அவிழ்த்துத் தம்பியை மடியில் போட்டுக்கொள்வார். பிறகு பேச்சு மெல்ல அங்கேதான் போகும். இவனை எங்களிடம் கொடு, ராஜா மாதிரி வளர்க்கிறோம். அம்மா தலை நிமிராமல் மிதிப்பாள். மிதி வேகமாகும். அதுதான் அவள் பதில்.

அந்த ஆண்டுதான் மெர்டேக்கா, நாட்டுக்கு விடுதலை, வந்தது. கடைத்தெருவெங்கும் கொடித்துணி. எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் இங்கேயே இருப்பதா, இந்தியாவுக்கு, ஊருக்குப் போவதா என்பதுதான் பேச்சு. மாமா வேலை பார்த்த தோட்டத்தை வெள்ளைக்காரர் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்தார். மாமா ஊருக்கே திரும்புவதென்று முடிவு செய்து கப்பலுக்குச் சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அத்தை கேட்ட விதம் மாறியது. கப்பல் ஏறுவதற்குள் சொல் என்றார்.

அம்மாவுக்கு அப்போது ஒரு பிடி கிடைத்திருந்தது. எங்கள் அடுத்த வீட்டில், தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிப்போன செட்டிக் குடும்பத்து அம்மாள் ஒருவர் இருந்தார். நாங்கள் அவரை மாக் என்று கூப்பிடுவோம். நம் சாமியைக் கும்பிடுவார், பூவும் பொட்டும் வைப்பார், பேச்சு மட்டும் மலாய். அவர்தான் தெங்கேராவில் ஒரு பெரிய வீட்டு நியோன்யாவிடம் அம்மாவைக் கூட்டிப்போனார். பீபிக் என்று மரியாதையாகக் கூப்பிடும் அந்த வீட்டு அம்மாளின் மகளுக்குக் கல்யாணம். பெண்ணுக்கு மூன்று கெபாயா. நன்றாக அமைந்தால் கல்யாணத்துக்கு வரும் சொந்தக்காரப் பெண்கள் எல்லாரும் பார்ப்பார்கள், வருஷம் முழுக்க வேலை வரும். வேலை வந்தால் முன்பாதி வீட்டையும் எடுத்துக்கொள்ளலாம், பிள்ளையைப் பார்க்க ஒரு ஆளை வைக்கலாம். அம்மா அத்தையிடம் அதைத்தான் சொன்னாள். “இந்தக் கல்யாண வேலை முடியட்டும் அண்ணி. அதுக்கப்புறம் யாரும் என் புள்ளையக் கேக்கவே மாட்டீங்க.”

துணி கைக்கு வந்த மூன்றாம் நாள் தம்பிக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். வாசல் தாண்டும்போது திரும்பி என்னிடம் சொன்னாள்: கோடு எல்லாம் போட்டு வைத்திருக்கிறேன், பூவுக்குச் சிவப்பு, ரோஸ், இலைக்குப் பச்சை, நீயே தொடங்கு.

நான் நன்றாகவே தைப்பேன். ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு சட்டையில் சிவப்பு நூல் சாயம் இறங்கி, வெள்ளைத் துணி முழுக்கக் காயம் பட்டதுபோல் ஆனதைப் பார்த்திருந்தேன். அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கோலம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. கல்யாணத் துணியில் அப்படி ஆகிவிட்டால்? பெட்டியில் இருந்த சிவப்புக் கண்டை ஈரத்துணியில் அழுத்தினேன். லேசாக, மிக லேசாக ஒரு ரோஸ் நிறம் வந்தது. என் கண் மயக்கமாகக்கூட இருந்திருக்கலாம். எனக்கு அது போதும், ரோஸையும் சேர்த்து ஒதுக்கினேன். பெட்டியில் நீலமும் பச்சையும் நல்ல நூல்களாக இருந்தன, எத்தனை நனைத்தாலும் சாயம் விடவில்லை. மயில் நிறம். நம்மில் கல்யாணத்துக்கு அதைவிட நல்ல நிறம் உண்டா என்று நினைத்தேன். பச்சைப்பட்டு உடுத்தி மணையில் உட்கார்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேனே. பூவெல்லாம் நீலம், கொடியெல்லாம் பச்சை. ஒன்பது நாள் தைத்தேன். தங்கை சோறு பொங்கினாள், அடிப்பிடித்த சோறு.

நடுவில் ஒரு நாள் மாக் எட்டிப் பார்த்தார். வளையத்தில் இருந்த துணியைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, மலாயில் கேட்டார்: யார் இறந்தது? எனக்கு மலாய் குறைவு, ஆனால் அது புரிந்தது. எங்கள் வீட்டில் ஆம்பளை இல்லாததைக் கேட்கிறார் என்று நினைத்தேன். அப்பா என்றேன். அவர் என் தலையைத் தடவினார், துணியை மெதுவாக என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

அம்மா தம்பியோடு திரும்பியபோது அவன் கழுத்து கோழிக்குஞ்சுக் கழுத்தாக இருந்தது. அவனைப் பாயில் கிடத்திவிட்டு மூன்று சட்டையையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். ஏன் சிவப்பு போடவில்லை என்றாள். சாயம் என்றேன். பூ ஒன்றை விரலால் தடவினாள். அப்புறம், “மயில் வந்து உக்காந்த மாதிரிதான் இருக்கு” என்றாள். அவள் முகத்தில் அத்தனை நாள் கழித்து ஒரு தெளிவு வந்தது. என் வாழ்க்கையில் நான் பயப்படாமல் இருந்த பொழுது அது ஒன்றுதான்.

மறுநாள் என்னையும் அழைத்துக்கொண்டு தெங்கேரா போனாள். பீபிக் காகிதத்தைப் பிரித்தார். மேல் சட்டை தெரிந்ததும் கை நின்றது. அடுத்ததைப் பிரிக்கவில்லை. காகிதத்தை அப்படியே மூடி, விரல்நுனியால் எங்கள் பக்கம் தள்ளினார். கத்தவில்லை. அவர் மலாயில் சொன்னது இதுதான்: என் மாமியார் இறந்து இந்த வீட்டில் முதலில் கறுப்பு உடுத்தினோம், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சையை உடம்பிலிருந்து எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. என் மகள் கல்யாணத்துக்கு நீ அதைத் திரும்பக் கொண்டு வருகிறாய்.

துக்கத்துக்கு நிறம் வெள்ளை என்றுதான் எங்களுக்குத் தெரியும். நீலமும் பச்சையும் துக்கமாக இருக்கும் என்று எங்கே போய்த் தெரிந்துகொள்வது? கல்யாண வேலைக்குச் சிவப்பு போடு என்று அவர் சொல்லவில்லை. எதற்குச் சொல்வார், உலகத்துக்கே தெரிந்தது என்றுதானே இருப்பார். அம்மா ஒரே வார்த்தை சொன்னாள். “நான்தான் தைச்சேன், பீபிக்.” என்னைக் காட்டவில்லை. வந்த வாசல் வழியாக அந்தத் துணி போகக்கூடாது என்றார்கள். சமையற்கட்டைத் தாண்டிப் பின்கதவைத் திறந்துவிட்டார்கள். அந்த வீடுகளுக்குப் பின்னால் அப்போது கடல்தான். நீர் வற்றியிருந்தது. கணுக்கால் வரை சேற்றில், பொட்டலத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

செய்தி எங்களுக்கு முன்னே வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. மாக் வாசலில் நின்றார். சங்கடப்பட்டார். நான் இந்தப் பெண்ணிடம் கேட்டேனே, யார் இறந்தது என்று, அப்பா என்றாளே, உங்கள் வீட்டுத் துக்கத்துக்குத் தைக்கிறாள் என்றல்லவா இருந்துவிட்டேன் என்றார். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். “நானுந்தான பார்த்தேன்,” என்றாள். “நல்லாருக்குன்னுதான சொன்னேன்.”

அதன் பிறகு தெங்கேராவிலிருந்து ஒரு கைக்குட்டைகூட வரவில்லை. கை ராசியில்லாதவள் என்று பேச்சு பரவிவிட்டது. தையல் வேலைக்கு அதைவிடக் கெட்ட பெயர் கிடையாது. ஆஸ்பத்திரியில் பிள்ளைக்குப் பாலும் முட்டையும் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். மூன்று வாரம் மிஷின் சும்மா நின்றது. ஒரு பகலில் அம்மா என்னைச் செமாபோக்குக்கு அனுப்பி அத்தையை வரச் சொன்னாள்.

அத்தை அன்றைக்குக் கேலி ஒன்றும் பேசவில்லை. ஒன்று மட்டும் கேட்டார். புள்ளைக்கு ரெண்டு அம்மா இருக்கக்கூடாது, அவனுக்கு எந்தக் காலத்திலும் தெரியக்கூடாது, சத்தியம் பண்ணு என்றார். அம்மா பண்ணினாள். பிறகு தம்பியின் துணிமணியை மடித்துக்கொண்டே சொன்னாள்:

“பால்குடி மறந்துட்டான் அண்ணி. தூங்குறப்ப மட்டும் காதைப் புடிச்சுக்குவான். அழுதா வேற ஒண்ணும் செய்ய வேணாம். உங்க காதைக் குடுங்க.”

பேச்சா வண்டியில் அவன் சிரித்துக்கொண்டேதான் போனான். கட்டு இல்லாமல் வெளியே போகிற சந்தோஷம். அம்மா உள்ளே வந்து மிஷினில் உட்கார்ந்து, நூல் கோக்காத ஊசியை மிதித்துக்கொண்டிருந்தாள். பின்னாளில் தலையணை உறை, பள்ளி உடுப்பு என்று தைத்து எங்கள் இருவரையும் கரையேற்றினாள். பூ மட்டும் போடவில்லை.

முப்பது வருஷம் கழித்து அவன் ஒரு முறை வந்தான். கம்பெனி வேலையாகச் சிங்கப்பூர் வந்தவன், மாமன் வீட்டைப் பார்த்துவிட்டு வா என்று அத்தை சொல்லி அனுப்பியிருந்தார். அப்போது கிளேபாங்கில் என் வீட்டில்தான் அம்மா இருந்தாள். அவன் அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டு, “நல்லாயிருக்கீங்களா அத்தை?” என்றான். அம்மா நல்லாயிருக்கிறேன் என்றாள். இலையில் சோறு போட்டாள். போதும் அத்தை, போதும் அத்தை என்று அவன் கையால் மறித்தான். நான் சமையலறையில் எதையாவது கீழே போட்டுவிடுவேனோ, வாய் தவறிவிடுமோ என்று வெளியே வராமலே இருந்தேன். அம்மா தவறவில்லை. அவன் போன பிறகு, “நல்லா வளர்த்திருக்காங்க” என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை.

அம்மா போன அன்று காரியம் செய்ய வந்தவர், கொள்ளி வைக்க ஆண் பிள்ளை உண்டா என்று கேட்டார். தங்கை என்னைப் பார்த்தாள். அத்தையும் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். சொல்லியிருக்கலாம், தடுக்க யாரும் இல்லை. சத்தியம் பண்ணியவள்தான் அங்கே படுத்திருந்தாள். இல்லை என்றேன். என் மகன் சட்டையைக் கழற்றிவிட்டு முன்னே வந்தான்.

பதினாறாம் நாள் முடிந்து ஊருக்குப் போன் போட்டேன். அவன் வருத்தப்பட்டான். ஒரு தடவைதான் பார்த்தேன், என்ன அன்பாகச் சோறு போட்டார்கள் என்றான். பிறகு கேட்டான்:

“அத்தைக்கு யாரு கொள்ளி வச்சது?”

“என் மகன்.”

“நல்லது,” என்றான்.